எந்த சி.எம்.எஸ். நல்லது? சர்வேக்கள் சொல்வதும் சொல்லாததும்

உங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் இணையதளத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? இப்போதே ஒருமுறை திறந்து பாருங்கள். முகப்பில் மூன்று வருஷத்துக்கு முந்தைய பொங்கல் விழா அறிவிப்பு இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். நியூ ஜெர்சியோ, டொராண்டோவோ, ஜூரிச்சோ, சிட்னியோ, இந்த விஷயத்தில் எல்லா ஊரும் ஒன்றுதான்.

புதுச் செயற்குழு வந்ததும் முதல் கூட்டத்திலேயே யாராவது ஒருவர் கேட்பார்: "வெப்சைட்டை மாத்திடலாமா?" உடனே குழுவில் இருக்கும் நாலைந்து ஐ.டி. ஆட்களும் நாலைந்து பதில் சொல்வார்கள். "வேர்ட்பிரஸ் போட்டுடலாம், உலகமே அதைத்தான் யூஸ் பண்ணுது" என்பார் ஒருவர். "வேர்ட்பிரஸ்ஸா? டெவலப்பர் சர்வேல அதுக்குத்தான் கடைசி இடம், தெரியுமா?" என்பார் இன்னொருவர். இருவருமே பொய் சொல்லவில்லை என்பதுதான் வேடிக்கை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று புரிந்துகொண்டால், உங்கள் சங்கத்துக்கோ, தமிழ்ப் பள்ளிக்கோ, கோயிலுக்கோ எது பொருந்தும் என்று முடிவெடுப்பது சுலபமாகிவிடும்.

முதலில் மூன்று கதைகள்

சி.எம்.எஸ். என்றால் இணையதளத்தின் உள்ளடக்கத்தை நிர்வகிக்க உதவும் மென்பொருள். லாகின் செய்து, தட்டச்சு செய்து, படம் சேர்த்து, ஒரு பட்டனை அழுத்தினால் பக்கம் வெளியாகிவிடும். ஹெச்.டி.எம்.எல். தெரியாத பள்ளி ஆசிரியையும் விடுமுறை அறிவிப்பு போடலாம். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதன் நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமை எவ்வளவு பெரியது என்பது மூன்று முக்கிய மென்பொருள்களின் பிறப்பைப் பார்த்தாலே தெரியும்.

ட்ரூபல் பெல்ஜியத்தில் பிறந்தது. ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த ட்ரீஸ் பைதார்ட், நண்பர்கள் தங்களுக்குள் செய்தி பரிமாறிக்கொள்ள எழுதிய சின்ன நிரல் அது. படிப்பு முடிந்தபின் அதை இணையத்தில் ஏற்றினார். 2001 ஜனவரியில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்.

வேர்ட்பிரஸ் 2003 மே மாதம் வந்தது. அதற்கு முன் பி2 என்றொரு வலைப்பதிவு மென்பொருள் இருந்தது. அதை எழுதியவர் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் காணாமல்போனார். அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்த அமெரிக்க மாணவர் மேட் முல்லன்வெக்கும் இங்கிலாந்தின் மைக் லிட்டிலும் அந்த நிரலை எடுத்துத் தொடர்ந்தார்கள். உரிமம் அதற்கு இடம் கொடுத்தது.

ஜூம்லா பிறந்தது 2005-ல். மாம்போ என்ற மென்பொருளை உருவாக்கிய குழுவுக்கும், அதன் பின்னால் இருந்த ஆஸ்திரேலிய நிறுவனத்துக்கும், யார் கையில் நிர்வாகம் என்பதில் தகராறு. டெவலப்பர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறி, அதே நிரலை வேறு பெயரில் தொடங்கினார்கள். 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். சங்கம் உடைந்து இரண்டாவது நமக்கொன்றும் புதிதில்லை. ஆனால் இங்கே பிரிந்து போனவர்கள் பாத்திரம் பண்டம் அத்தனையையும் சட்டப்படியே பிரதி எடுத்துக்கொண்டு போக முடிந்தது!

பார்த்துக்கொண்டிருந்தவர் போய்விட்டால் அடுத்தவர் எடுத்து நடத்தலாம் என்பதுதான் இந்தக் கதைகளின் சாரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இங்கேதான் திரும்பி வரப்போகிறோம்.

தலை எண்ணும் கணக்கு

"உலகமே வேர்ட்பிரஸ்தான்" என்ற கூற்று எங்கிருந்து வருகிறது? டபிள்யூ3டெக்ஸ் போன்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கான தளங்களைத் தானியங்கி நிரல் மூலம் சோதித்து, எதில் எந்த மென்பொருள் ஓடுகிறது என்று எண்ணுகின்றன. அந்தக் கணக்கில் சில ஆண்டுகளாகவே மொத்தத் தளங்களில் 40 சதவீதத்துக்கு மேல் வேர்ட்பிரஸ். ஜூம்லாவும் ட்ரூபலும் சேர்ந்தால்கூட 5 சதவீதம் தேறாது.

போட்டி முடிந்தது என்று எழுந்து போய்விடலாமா? கொஞ்சம் பொறுங்கள். இந்தக் கணக்கில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் தளமும் ஒன்று, யாரோ ஆரம்பித்து இரண்டு பதிவோடு மறந்துபோன தளமும் ஒன்று. தளம் உயிரோடு இருக்கிறதா, நடத்துபவர்களுக்குத் திருப்தியா என்பதெல்லாம் அதில் வராது. எந்த ஊரில் எந்தக் கார் அதிகம் ஓடுகிறது என்று சாலையில் நின்று எண்ணுவது மாதிரி. உங்கள் வீட்டில் எத்தனை பேர், குழந்தைக்கு கார் சீட் வேண்டுமா என்பது அந்தக் கணக்குக்குத் தெரியாது.

ஆனாலும் இந்த எண்ணிக்கைக்கு நடைமுறைப் பயன் ஒன்று உண்டு. நிறைய பேர் பயன்படுத்தினால் உதவிக்கு ஆள் கிடைப்பது சுலபம். உங்கள் சங்கத்தில் 30 குடும்பம் இருந்தால் வேர்ட்பிரஸ் தொட்டுப் பார்த்த ஒருவராவது இருப்பார். ட்ரூபல் தெரிந்தவர் இருப்பது அதிர்ஷ்டம்.

பிடிக்குமா, பிடிக்காதா?

இரண்டாவது வகை, டெவலப்பர்களிடமே கேட்பது. இதில் புகழ்பெற்றது ஸ்டாக் ஓவர்ஃப்ளோ ஆண்டுதோறும் நடத்தும் சர்வே. 2020-ல் சுமார் 65,000 பேர் பதிலளித்தார்கள். அந்த ஆண்டு பிளாட்ஃபார்ம் பட்டியலில், பயன்படுத்துபவர்கள் தொடர விரும்பாதவற்றில் முதலிடம் வேர்ட்பிரஸ்ஸுக்கு. ஃபிரேம்வொர்க் பட்டியலில் இருந்த ட்ரூபலின் நிலையும் பரிதாபம்தான், அதுவும் அடிமட்டத்தில். ஜூம்லா இரண்டு பட்டியலிலுமே இல்லை.

"அப்போ இரண்டுமே மோசமா?" என்று பயந்துவிடாதீர்கள். கேள்வியை எப்படிக் கேட்டார்கள் என்று பாருங்கள். கடந்த ஓராண்டில் எதில் நிறைய வேலை செய்தீர்கள், வரும் ஆண்டில் எதில் வேலை செய்ய ஆசை என்று இரண்டு பட்டியலைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்கள். முதல் பட்டியலில் டிக் போட்டு இரண்டாவதில் போடாமல் விட்டால், அதை 'அஞ்சி ஒதுங்குவது' என்ற கணக்கில் சேர்த்தார்கள். "வேர்ட்பிரஸ் உங்களுக்கு வெறுப்பா?" என்று யாரிடமும் நேராகக் கேட்கவில்லை. 2023-லிருந்து அந்தத் தலைப்பையே மாற்றிவிட்டார்கள்.

ஒரு டெவலப்பராகச் சொல்கிறேன், அடுத்த வருஷம் எதில் வேலை செய்ய ஆசை என்று கேட்டால் எங்களில் பலரும் புதிதாக வந்த ஒன்றைத்தான் சொல்வோம். எங்களுக்கு அது சம்பளம், ரெஸ்யூமே, சுவாரசியம் சம்பந்தப்பட்ட கேள்வி. வேர்ட்பிரஸ் வேலை என்றால் பெரும்பாலும் வேறு யாரோ கட்டிவிட்டுப் போன தளத்தைத் திருத்துவது. 20 பிளகின் போட்டு வைத்திருப்பார்கள். எது எதற்கு என்று எங்கும் எழுதியிருக்காது. அந்தச் சலிப்பும் இந்தக் கணக்கில் சேர்ந்துதான் வருகிறது. அறிவிப்பு போடும் தமிழ் டீச்சருக்கு அந்தச் சலிப்பு இல்லை. அவருக்கு வேறு சலிப்புகள். அவற்றை எந்த சர்வேயும் கேட்பதில்லை.

ஓட்டுப் போட்டுப் பார்த்தார்கள்

மூன்றாவது வகை வாக்கெடுப்பு. பிரிட்டனின் பாக்ட் பதிப்பகம் 2006-லிருந்து சில ஆண்டுகள் ஓப்பன் சோர்ஸ் சி.எம்.எஸ். விருது கொடுத்தது. பொதுமக்கள் ஓட்டும் நடுவர் தீர்ப்பும் சேர்ந்தது. 2006-ல் ஜூம்லா, 2007-லும் 2008-லும் ட்ரூபல், 2009-ல் வேர்ட்பிரஸ். நாலே வருஷத்தில் மூன்று வெற்றியாளர்கள். விருதை நம்பி வருஷா வருஷம் தளத்தை மாற்றியிருந்தால் சங்கத்தின் கதி என்னவாகியிருக்கும்!

வெள்ளை மாளிகையின் கதையும் இப்படித்தான். 2009 அக்டோபரில் அதன் தளம் ட்ரூபலுக்கு வந்தபோது ட்ரூபல் உலகமே கொண்டாடியது. 2017 டிசம்பரில் அதே தளம் வேர்ட்பிரஸ்ஸுக்கு மாறியது. நடுவில் ஆட்சி மாறியிருந்தது. பெரிய இடத்திலும் ஆள் மாறினால் மென்பொருளும் மாறத்தான் செய்கிறது.

டெவலப்பர்கள் எதைப் பற்றிப் புலம்புகிறார்கள்?

தரவரிசையை விட்டுவிட்டுக் காரணங்களைக் கேட்டால் உருப்படியான விஷயம் கிடைக்கும்.

வேர்ட்பிரஸ் பற்றிய புலம்பலில் முதலாவது பிளகின். எதற்கெடுத்தாலும் ஒரு பிளகின் இருக்கிறது. அதுவே பலம், அதுவே தலைவலி. யாரோ எழுதி, பின் கவனிக்காமல் விட்ட பிளகின் வழியாகத்தான் பெரும்பாலும் திருடன் உள்ளே வருகிறான். ஆனால் மையப் பகுதியின் சின்னச் சின்னப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2013-ல் வந்த 3.7 பதிப்பிலிருந்தே தானாகப் போட்டுக்கொள்ளும். யாரும் கவனிக்காத சங்கத் தளத்துக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை. இன்னொரு புலம்பல், 2018 டிசம்பரில் வந்த புது எடிட்டர். அது பிடிக்காமல் பழைய எடிட்டரைத் திரும்பக் கொண்டுவரும் பிளகினை 50 லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் போட்டுக்கொண்டன. அதையும் ஒரு சர்வே என்றே சொல்லலாம், அதுவும் எழுதுகிறவர்கள் கையால் போட்ட ஓட்டு.

ட்ரூபல் கட்டுக்கோப்பானது. எந்தப் பொறுப்பில் இருப்பவர் எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று நுணுக்கமாக வகுக்கலாம். அரசுத் தளங்களும் பல்கலைக்கழகங்களும் அதை விரும்ப இது ஒரு காரணம். ஆனால் 7-லிருந்து 8-க்குப் போனபோது உள்ளமைப்பே மாறிவிட்டது. 2015 நவம்பரில் 8 வந்தது. பழைய தளத்தை மேம்படுத்துவது என்பது கிட்டத்தட்ட புது வீடு கட்டிச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போவதாகவே இருந்தது. பலர் போகவே இல்லை. 2011-ல் வந்த 7-க்கான ஆதரவைத் தள்ளித் தள்ளி வைத்து 2025 ஜனவரி 5 அன்றுதான் முடித்தார்கள். அதற்குப் பிந்தைய மேம்படுத்தல்கள் எளிதாகிவிட்டன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதே 2025 ஜனவரியில், நிரல் எழுதத் தெரியாதவர்களையும் மனதில் வைத்து 'ட்ரூபல் சி.எம்.எஸ்.' என்ற எளிய வடிவமும் வந்திருக்கிறது.

ட்ரூபல் பாதுகாப்பானது என்ற பேச்சிலும் ஒரு எச்சரிக்கை உண்டு. 2014 அக்டோபர் 15 அன்று ட்ரூபல் 7-ல் ஒரு பெரிய ஓட்டையை அறிவித்துத் திருத்தமும் வெளியிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து அவர்களே சொன்னார்கள்: அறிவிப்பு வந்து ஏழு மணி நேரத்துக்குள் திருத்தம் போடாத தளங்கள், தங்களுக்குள் யாரோ புகுந்துவிட்டதாகவே எண்ணிக்கொள்ள வேண்டும். ஏழு மணி நேரம்! சங்கத்தின் தன்னார்வலர் அன்றைக்கு ஆபீஸில் இருப்பார், மாலையில் பிள்ளையைப் பாட்டு வகுப்புக்குக் கூட்டிப்போயிருப்பார்.

ஜூம்லா இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. பல மொழிகளில் தளம் நடத்தும் வசதியும், யாருக்கு என்ன அனுமதி என்று பிரிக்கும் வசதியும் 2011-ல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே பிளகின் இல்லாமல் உள்ளேயே இருக்கின்றன. தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருவதுதான் அதன் குறை.

தமிழுக்கு என்ன மார்க்?

எந்த சர்வேயும் கேட்காத, நமக்கு மட்டும் முக்கியமான சில விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, இரண்டு மொழி. நம் தளங்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் வேண்டும். சுவிட்சர்லாந்தில் ஜெர்மன், நார்வேயில் நார்வேஜியன். ட்ரூபல் 8-லிருந்தும் ஜூம்லாவிலும் இது உள்ளேயே இருக்கிறது. வேர்ட்பிரஸ்ஸுக்குத் தனிப் பிளகின் வேண்டும். ஆனால் நிர்வாகத் திரையையே தமிழில் பார்க்க வேண்டுமென்றால், வேர்ட்பிரஸ்ஸில் இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று இரண்டு மொழிபெயர்ப்புக் குழுக்களே இருக்கின்றன.

இரண்டு, பக்கத்தின் முகவரி. வேர்ட்பிரஸ்ஸில் தலைப்பைத் தமிழில் எழுதினால் அதிலிருந்தே பக்கத்தின் முகவரியும் தானாக உருவாகும். உள்ளே அது சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாகச் சேமிக்கப்படுகிறது. ஒரு தமிழ்க் குறி 9 இடம் பிடிக்கும். 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லில் ஐந்து குறிகள், ஆக 45 இடம். மொத்தம் இருப்பதோ 200 இடம். 'தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா அழைப்பிதழ்' என்று தலைப்பு வைத்தால் 'விழா' வரைக்குமே 192 இடம் போய்விடும். 'அழைப்பிதழ்' முகவரியில் வராது. அப்புறம் 'தமிழ்ப் பள்ளி ஆண்டு விழா படங்கள்' என்று போட்டால் அதுவும் அதே முகவரிக்கு வந்து நிற்கும். வேறுபடுத்த பின்னால் 2 என்று ஒட்டிக்கொள்ளும். தீர்வு எளிது: முகவரியை மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாகக் கையால் கொடுத்துவிடுங்கள். வாட்ஸ்ஆப்பில் பகிரும்போதும் லிங்க் முழ நீளத்துக்குப் போகாது.

மூன்று, தேடல். நம் சொற்கள் விகுதி ஏற்று வளர்பவை. வேர்ட்பிரஸ்ஸின் தேடல், தட்டிய எழுத்துக்கோவை எங்காவது இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். 'பள்ளி' என்று தேடினால் 'பள்ளியில்' கிடைக்கும். 'கூட்டம்' என்று தேடினால் 'கூட்டத்தில்' கிடைக்காது. ட்ரூபலோடு வரும் அடிப்படைத் தேடல் முழுச் சொல்லாகவே ஒப்பிடும் என்பதால் 'பள்ளி'க்குப் 'பள்ளியில்'கூட மாட்டாது. 'சக்திவாய்ந்தது' என்று சர்வேக்காரர்கள் சொல்லும் மென்பொருள், இந்த ஒரு விஷயத்தில் நமக்கு 'சாதாரண'த்தைவிடப் பின்தங்கிவிடுகிறது பாருங்கள்.

நீங்களே ஒரு சர்வே எடுங்கள்

ஆக, தலை எண்ணும் கணக்கு எது பரவலானது என்று சொல்கிறது. டெவலப்பர் சர்வே எதில் வேலை செய்ய டெவலப்பருக்கு ஆசை என்று சொல்கிறது. விருது அந்த வருஷத்து உற்சாகத்தைச் சொல்கிறது. உங்கள் சங்கத்தின் தளம் ஐந்து வருஷம் கழித்தும் உயிரோடு இருக்குமா என்பதை உங்கள் ஆட்கள்தான் சொல்ல முடியும். அடுத்த செயற்குழுவில் இந்த ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

1. கடந்த ஒரு வருஷத்தில் தளத்தில் யார் யார் ஏதாவது எழுதினார்கள்? ஒரே பெயர்தான் வருகிறதா?

2. எழுதுகிறவர்களுக்கு எது கஷ்டமாக இருக்கிறது? தமிழ்த் தட்டச்சா, படம் ஏற்றுவதா, பாஸ்வேர்டா?

3. எத்தனை மொழி? யார் எதைத் திருத்தலாம் என்று பிரித்துக் கொடுக்க வேண்டிய அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்களா?

4. டொமைன் யார் பெயரில் இருக்கிறது? ஹோஸ்டிங் பணம் யாருடைய கிரெடிட் கார்டில் போகிறது? பேக்கப் எங்கே இருக்கிறது?

5. இப்போது பார்த்துக்கொள்பவர் விசா, வேலை, வீடு என்று ஏதோ காரணத்தால் நாளைக்கே ஊர் மாறினால், அடுத்து யார்?

நாலாவது, ஐந்தாவது கேள்விகளுக்குப் பதில் வராத இடத்தில் மென்பொருளை மாற்றிப் பிரயோஜனம் இல்லை. புலம்பெயர்ந்த ஊரில் தன்னார்வலர் வருவார், போவார். டொமைன் அவர் சொந்த மின்னஞ்சலில் இருந்து, கார்டும் காலாவதியாகிவிட்டால், பிள்ளைகள் முதன்முதலாக மேடையேறிய படங்கள், சங்க மலரின் பழைய இதழ்கள், மறைந்த பெரியவர்களுக்கு எழுதிய அஞ்சலிகள் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். பி2-வை எழுதியவர் போனபோது மற்றவர்கள் தொடர முடிந்தது, நிரல் எல்லோர் கையிலும் இருந்ததால்தான். நிரல் ஓப்பன் சோர்ஸாக இருந்தும் சாவி ஒருவர் பையிலேயே இருந்தால் சங்கத்துக்கு அந்த வசதி கிடையாது.

நிறுவனங்களையும் கண்ணை மூடி நம்ப வேண்டாம். 2024 செப்டம்பரில் வேர்ட்பிரஸ் நிறுவனர் முல்லன்வெக்குக்கும் டபிள்யூபி இன்ஜின் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்துக்கும் மோதல் வந்தபோது, அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களுக்கு பிளகின் அப்டேட் வருவதே தடைபட்டது. டிசம்பரில் கலிஃபோர்னியாவில் ஒரு நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டு வழியைத் திறந்துவிட்டது. பெரியவர்கள் சண்டையில் நம் பொங்கல் அறிவிப்பு மாட்டிக்கொள்ளாமல் இருக்க ஒரே வழி, நம் பேக்கப் நம் கையில் இருப்பது.

"எல்லாம் சரி, எதைப் போடறது? அதைச் சொல்லுங்க முதல்ல" என்கிறீர்களா? என் கருத்து இது. எழுதுபவர் இரண்டு மூன்று பேர், பார்த்துக்கொள்ள ஒருவர் என்றால் வேர்ட்பிரஸ். பிளகினைக் கைவிரலுக்குள் நிறுத்துங்கள். இரண்டு மொழி, பல கிளைகள், ஒவ்வொரு கிளைக்கும் தனிப் பொறுப்பாளர், கூடவே விவரம் தெரிந்த இருவர் இருந்தால் ஜூம்லாவோ ட்ரூபலோ பாருங்கள். ஏற்கெனவே ட்ரூபல் 7-ல் ஓடிக்கொண்டிருந்தால் இந்த மாதமே மாற்றத் திட்டமிடுங்கள். பார்த்துக்கொள்ள ஆளே இல்லையென்றால், எல்லாவற்றையும் அவர்களே கவனித்துக்கொள்ளும் கட்டணச் சேவை ஒன்றை எடுத்துவிடுங்கள். அதில் வெட்கப்பட எதுவுமில்லை. வருஷத்துக்கு ஒரு வடை ஸ்டால் போட்டால் அந்தச் செலவைச் சரிக்கட்டிவிடலாம்.

எதை எடுத்தாலும் முதல் வாரமே ஒரு வேலையை முடித்துவிடுங்கள். சங்கத்தின் பொது மின்னஞ்சல் ஒன்றைத் தொடங்கி, டொமைனையும் ஹோஸ்டிங்கையும் அதற்கு மாற்றி, விவரங்களை ஒரே ஒரு பக்கத்தில் எழுதிச் செயலாளரிடமும் பொருளாளரிடமும் கொடுங்கள். புதுச் செயற்குழு பொறுப்பேற்கும் நாளில் கணக்குப் புத்தகத்தோடு அந்தப் பக்கமும் கை மாறட்டும்.